வந்து தூக்குடா

"எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரிஞ்சா போதும் சார். அப்பா கூப்பிட்டது என் தம்பிக்குக் கேட்டுச்சா, இல்லையா?"

வந்தவள் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆசிரியை. கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். துப்பறிவாளர் அவளை நிதானமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அப்புறம்?" என்றார்.

நீதிமன்ற வட்டாரத்தில் அவருக்கு 'அப்புறம்' என்றே பெயர். கொலை நடந்துவிட்டது என்று சொன்னாலும் சரி, குடை தொலைந்துவிட்டது என்று சொன்னாலும் சரி, அவர் வாயிலிருந்து வருவது அந்த ஒற்றைச் சொல்தான். பேச ஒன்றும் இல்லாதவர்கள் சும்மா கேட்பதைப் போலத்தான் கேட்பார். ஆனால் எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்று தெரியாமல் இடத்தை விட்டு நகரமாட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய மைத்துனன் இதற்கு நேர்மாறு. எந்தக் கதையையும் கடைசியிலிருந்து கேட்க ஆசைப்படுகிறவன். ஒரு வேலையிலும் நிலைக்காமல் திரிந்தவனை அவன் அக்கா இங்கே கொண்டுவந்து தள்ளியிருந்தாள். இங்கே மட்டும் பசை போட்டதுபோல் ஒட்டிக்கொண்டான்.

ஆசிரியை விவரம் சொன்னாள். அப்பா ஒரு தொழிற்சாலையில் கொதிகலன் பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா இல்லை. கல்யாணமாகாத தம்பியோடு ஒரு மாடி வீட்டில் இருக்கிறார். தம்பிக்கு வீட்டிலிருந்தபடியே கட்டட வரைபடம் போடும் வேலை. வேலை முடிந்தால் அதே கணினியில் விளையாட்டு. போன ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அப்பா நடையில் விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிந்து, தலையிலும் பலமாகப் பட்டிருந்தது. கீழ்வீட்டுத் தையல்காரம்மா அவர் கத்தியதைக் கேட்டு மேலே ஓடி, வாசல் மணியை அழுத்து அழுத்தென்று அழுத்தியிருக்கிறார். யாரும் திறக்கவில்லை. அவர் போனில் சொல்ல, இரண்டு தெரு தள்ளியிருந்த மகள் ஓடிவந்து தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்தாள். அப்பா நினைவில்லாமல் கிடந்தார். அடுப்பில் பால் கருகிப் புகைந்துகொண்டிருந்தது.

"தம்பி எங்க இருந்தான் தெரியுமா? நாலு எட்டு தள்ளி, அவன் ரூம்ல. கதவைச் சாத்திக்கிட்டு, காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு, ஆளுங்களைச் சுட்டுக்கிட்டு இருந்தான்."

"சுட்டுக்கிட்டா?" மைத்துனன் துள்ளி எழுந்தான்.

"விளையாட்டுல," என்றாள் அவள் வறண்ட குரலில்.

"அப்புறம்?" என்றார் துப்பறிவாளர்.

"கேட்கவே இல்லன்னு சத்தியம் பண்றான். தரைக்குக் கீழ இருக்கறவங்களுக்குக் கேட்டது, கதவுக்குப் பின்னாடி இருக்கறவனுக்குக் கேட்காதா? பாதி ஆட்டத்துல எழுந்திருக்க மனசு வரல, அவ்வளவுதான். அப்பாவுக்கே அது தெரியும் சார். பேச்சு மெதுவாத்தான் திரும்பும்னு டாக்டர் சொன்னாரு. யாரைப் பார்த்தாலும் பேசாம படுத்திருக்கறவரு, இவன் உள்ள வந்தா மட்டும் எகிறி எழுந்திருக்கப் பாக்குறாரு. வாயில வர்ற ஒரே வார்த்தை 'அடி'. அடி, அடின்னு... எங்க மேல ஒரு தடவை கூட கை ஓங்கினதில்ல சார். 'டா', 'டி' போட்டுக் கூப்பிட்டது கூட கிடையாது. அப்படிப்பட்ட மனுஷன் அவனை அடின்னு சொல்றாருன்னா, மனசு எவ்வளவு வெந்து போயிருக்கணும்?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தம்பியை வார்டுக்குள் விட வேண்டாம் என்று வாசலில் இருக்கும் காவலாளியிடம் சொல்லி வைத்திருக்கிறாளாம். மறுநாள் அப்பாவை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். தன் வீட்டுக்குக் கூட்டிப் போகப் போகிறாள்.

"கேட்டும் கேட்காத மாதிரி இருந்தான்னு தெரிஞ்சா, என் வாசப்படியை அவன் மிதிக்கவே கூடாது. அப்பா முகத்துலயும் முழிக்கக் கூடாது. நிஜமாவே கேட்கலன்னா..." அவள் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்க முடிந்திருந்தால் துப்பறிவாளரைத் தேடி வந்திருக்க மாட்டாள்.

வருவதாகச் சொல்ல மைத்துனன் அந்த வீட்டுக்குப் போன் செய்தான். இரண்டு வார்த்தை பேசியதும் கையால் போனை மூடிக்கொண்டு கிசுகிசுத்தான். "மாமா, பெரியவர் ஆஸ்பத்திரியிலன்னு இவங்க சொல்றாங்க. ஆனா ஒரு பெரியவர்தான் போனை எடுத்திருக்காரு! ஆள் மாறாட்டம்!"

"யாருன்னு கேளு மச்சான்."

கேட்டான். அசடு வழிந்தான். "தம்பிதானாம்."

வீடு சிறியது. வாசலிலிருந்து நீளமான ஒரு நடை. ஒரு கோடியில் அடுக்களை, நடுவே தம்பியின் அறை, எதிரே அப்பாவின் அறை. அடுக்களையில் அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு கைத்தடி சாய்ந்திருந்தது.

"இது அப்பாவுது. நடக்கறப்போ கையில இல்லாம இருக்காது," என்றாள் தம்பியின் அக்காவான ஆசிரியை. நடையில் அவர் கிடந்த இடத்தைக் காட்டினாள். தலை தம்பியின் அறைப் பக்கம் இருந்ததாம். "கையில இவன் ரூமோட மாத்துச் சாவி. இந்தக் கதவு சாத்தினா தானா பூட்டிக்கும். கூப்பிட்டுப் பார்த்து, அலுத்துப் போய், தானே திறக்கலாம்னு பார்த்திருக்காரு."

"மாத்துச் சாவி எங்க இருக்கும்?"

அடுக்களைச் சுவரில் ஓர் ஆணியைக் காட்டினாள். அது அவள் தலைக்கு மேலே இருந்தது. துப்பறிவாளர் கையை உயர்த்தி அதைத் தொட்டுப் பார்த்தார்.

"அடுப்பை எரிய விட்டுட்டுப் போற பழக்கம் உண்டா?"

"அப்பாவா? காலமெல்லாம் நெருப்பைக் காவல் காத்தவரு சார். வாசல் மணி அடிச்சாக்கூட அடுப்பை அணைச்சுட்டுத்தான் நகருவாரு. மறந்து போனதா சரித்திரமே இல்ல."

தம்பி அறைக் கதவைத் திறந்து நின்றான். நாலைந்து நாளாகச் சவரம் செய்யாத முகம். அக்காவைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான். அக்காவும் சுவரைப் பார்த்தாள். மேசைமேல் அந்த ஹெட்போன் இருந்தது. பளபளவென்று மரத்தாலான இரண்டு கிண்ணங்கள், அவற்றைச் சுற்றி மெத்தென்ற தோல் திண்டு, கனமான வடம்.

"விலை பலமா இருக்கும் போலிருக்கே?" என்று மைத்துனன் ஆசையாகத் தடவினான்.

"நான்தான் வாங்கிக் குடுத்தேன்," என்றாள் அக்கா. "முன்னாடி வெச்சிருந்தது சாதா செட்டு. காதுல போட்டிருப்பான், துப்பாக்கிச் சத்தமும் குண்டுச் சத்தமும் வீடு பூரா கசியும். அப்பாவுக்குத் தலைவலி. சரி, பொறந்த நாளுக்கு நல்லதா ஒன்னு வாங்குவோம்னு வாங்கினேன். என் காசைப் போட்டு நானே வினையை வாங்கியிருக்கேன்."

தம்பி முதல் தடவையாகப் பேசினான். போனில் மைத்துனனை ஏமாற்றிய அதே கனத்த, கரகரத்த குரல். "ஸ்டுடியோல பாட்டுப் பதிவு பண்றவங்க போடறது சார் இது. பின்பக்கம் முழுசா மூடியிருக்கும். உள்ள இருக்கற சத்தம் வெளிய போகாது, வெளிய இருக்கறது உள்ள வராது. எதிராளி மணல்ல நடக்குறானா, படியில ஏறுறானான்னு தனித்தனியாக் கேட்கும். மைக் மட்டும் இதுல இல்ல, தனியா மேசையில வெச்சிருக்கேன்."

"எப்ப வந்துச்சு?"

"சனிக்கிழமை. போட்டுக்கிட்டு விளையாடினது மறுநாள், அப்பா விழுந்த அன்னிக்குத்தான் முதல் தடவை."

மைத்துனன் தானே சோதனைக்கு ஆள் என்று கையைத் தூக்கினான். ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான். தம்பி விளையாட்டைத் தொடங்கிக் கொடுத்தான். திரையில் வெயில் சுட்டெரிக்கும் ஒரு துறைமுகம், சிப்பாய்கள் ஓடினார்கள். அறையிலோ குண்டூசி விழுந்தால் கேட்கும் அமைதி. அக்கா நடையில் நின்று, அவன் பேரைச் சொல்லி உரக்கக் கூப்பிட்டாள். மைத்துனன் திரும்பவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டாள். அவன் தலை கூட அசையவில்லை. அதற்குள் அவனுடைய சிப்பாய் குண்டடிபட்டு, நான்கு காலில் தவழ ஆரம்பித்தான்.

"உடனே செத்துட மாட்டாங்க," என்று தம்பி துப்பறிவாளருக்கு விளக்கினான். "கூட்டாளி யாராவது பக்கத்துல வந்தா எழுந்திருக்கலாம். வரலன்னா ஆட்டம் காலி."

துப்பறிவாளர் மைத்துனனின் தோளைத் தட்டி, "எப்படி?" என்று கையால் கேட்டார்.

"அபாரம் மாமா! எல்லாம் காதுக்குள்ளயே நடக்குது!" என்று மைத்துனன் முழங்கினான். அக்கா திடுக்கிட்டுக் காதைப் பொத்திக்கொண்டாள். துப்பறிவாளர் ஒரு பக்கக் கிண்ணத்தை விலக்கி, "நான் செவிடு இல்ல மச்சான்," என்றார்.

"நான் மெதுவாத்தானே சொன்னேன்?"

சோதனையிலிருந்து எழுந்ததுமே அவன் தீர்ப்பையும் எழுதிவிட்டான். "தம்பி சொல்றது நெசம். இதுல இடி விழுந்தாலும் கேட்காது. கேஸ் முடிஞ்சுது."

அக்காவின் முகம் இளகவில்லை. "பெத்தவரு உசுருக்குப் போராடறது கூடக் கேட்காத மாதிரி காதை அடைச்சுக்கிட்டா, அது மட்டும் நியாயமா?" என்றாள். தம்பி ஹெட்போனை மேசையின் ஓரத்துக்குத் தள்ளி வைத்தான்.

துப்பறிவாளர் கீழே இறங்கினார். தையல்காரம்மா துணிக்குவியலுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேலே இருந்தது அந்த நடை. அன்று கேட்டதை அவர் அக்கம்பக்கத்தில் ஆயிரம் தடவை சொல்லியிருப்பார் போல, அதே மூச்சில் சொன்னார்.

"மிஷின்ல நூல் மாத்திக்கிட்டிருந்தேன். வீடே அமைதியா இருந்துச்சு. திடீர்னு பெரியவர் கத்தறாரு. 'விழுந்துட்டேன்டா! வந்து தூக்குடா! சீக்கிரம்டா!'ன்னு."

"அப்புறம்?"

"காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். மறுபடியும் ஒரு தடவை 'தூக்குடா'ன்னாரு. அப்புறம் தொம்முனு ஒரு சத்தம். எழுந்திருக்கப் பார்த்து எதையோ பிடிச்சு இழுத்துத் தள்ளிட்டாரு போல. அப்புறம் மூச்சுப் பேச்சே இல்ல. நான் மேல ஓடினேன்."

"பெரியவர் குரல்தானா?"

"தினமும் கேட்கற குரல் சார். 'பேன்ட் தைச்சாச்சா'ன்னு மாடியில இருந்தே கேட்பாரு."

"அவர் கத்தினதை இப்படியே, வார்த்தைக்கு வார்த்தை, மகள்கிட்ட சொன்னீங்களா?"

"எங்க சொன்னேன்? போன்ல பதட்டத்துல, 'அப்பா விழுந்துட்டாரு, கத்தறாரு, ஓடி வா'ன்னேன். அதோட சரி."

துப்பறிவாளர் தனியாக மாடிக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை விளையாடிய அதே நண்பர்களோடு, அதே மாதிரி கதவைச் சாத்திக்கொண்டு, ஓர் ஆட்டம் ஆடும்படி தம்பியிடம் சொன்னார்.

"அதைத் தொடவே கை கூசுது சார்."

"ஒரே ஒரு ஆட்டம். ஜெயிக்கணும்னு ஆடுங்க."

கீழே வந்து அக்காவையும் தையல்காரம்மா அறையில் உட்காரச் சொன்னார். எதற்கு என்று யாருக்கும் சொல்லவில்லை. மைத்துனன் இரண்டு தடவை வாயைத் திறந்து, இரண்டு தடவையும் மூடிக்கொண்டான். தையல்காரம்மா சும்மா இருக்க முடியாமல் ஒரு சட்டைக்குப் பொத்தான் வைக்கத் தொடங்கினார். மேலே ஒரு சத்தமும் இல்லை. ஆள் இல்லாத வீடு மாதிரி இருந்தது.

சட்டென்று கூரைக்கு மேலிருந்து அந்தக் குரல் வந்தது.

"விழுந்துட்டேன்டா! டேய், விழுந்துட்டேன்! வந்து தூக்குடா!"

தையல்காரம்மாவின் கையிலிருந்து பொத்தான் உருண்டோடியது. "பெரியவரு..." என்று எழுந்தார். அக்கா அதற்கு முன்பே கதவுப் பக்கம் பாய்ந்திருந்தாள். பாய்ந்தவள் அப்படியே நின்றாள். அப்பா ஆஸ்பத்திரியில் அல்லவா இருக்கிறார்!

"பச்சை வேனுக்குப் பின்னாடி கெடக்கேன்டா! சீக்கிரம் தூக்குடா!" என்றது மேலிருந்த குரல்.

"உக்காருங்க," என்றார் துப்பறிவாளர். "அந்த விளையாட்டுல குண்டடி பட்டவன் தவழ்ந்துக்கிட்டு இருப்பான். கூட்டாளி வந்து தூக்கினாத்தான் எழுந்திருப்பான். அதைத்தான் உங்க தம்பி நண்பர்கிட்ட கேட்கறாரு. அப்பாவுக்கும் மகனுக்கும் ஒரே தொண்டை. போன்ல என் மச்சானே ஏமாந்துட்டான். ஆனா அப்பா யாரையும் 'டா' போடறவரில்லன்னு நீங்களே சொன்னீங்க. இவங்க காதுல விழுந்ததெல்லாம் 'டா'தான்."

"இவ்வளவு சத்தமா எதுக்குக் கத்தணும்?" என்றார் தையல்காரம்மா.

"கத்தறோம்னு அவருக்குத் தெரியாது. காதை அப்படி இறுக்கி மூடிட்டா நம்ம குரலே நமக்குச் சரியாக் கேட்காது. மெதுவாப் பேசறதா நெனச்சுக்கிட்டு மச்சான் போட்ட போட்டைப் பார்த்தீங்கல்ல?"

அக்கா மெல்ல உட்கார்ந்தாள். "அப்போ அப்பா தம்பியைக் கூப்பிடவே இல்லையா?"

"இல்ல."

"அப்போ அவர் எப்ப விழுந்தாரு?" என்று மைத்துனன் குறுக்கிட்டான். வாழ்க்கையில் முதல் முறையாக அவன் சரியான கேள்வியைக் கேட்டிருந்தான். துப்பறிவாளர் அதைப் பாராட்டும் விதமாகத் தலையை ஆட்டினார்.

"அதை இந்த அம்மா இன்னிக்கு என்கிட்ட சொல்லிட்டாங்க. முன்னாடி யாரும் அவங்ககிட்ட வரிசையாக் கேட்கல. முதல்ல கத்தல். அப்புறம் தொம். விழறதுக்கு முன்னாடியே 'விழுந்துட்டேன்'னு எந்த மனுஷனும் கத்தமாட்டான்."

அவர் அதே குரலில், கணக்குச் சொல்வதுபோல் தொடர்ந்தார்.

"அப்பா அடுக்களையில நிக்கறாரு. பால் அடுப்புல இருக்கு. பழைய செட்டா இருந்தா துப்பாக்கிச் சத்தம் கசிஞ்சுக்கிட்டே இருக்கும், விளையாட்டுன்னு தெரியும். புது செட்டுல எதுவும் கசியாது. அமைதியா இருந்த வீட்டுல, பூட்டின அறைக்குள்ள இருந்து, மகனோட குரல் மட்டும் வருது. விழுந்துட்டேன், வந்து தூக்குன்னு. 'டா' யாருக்குன்னு யோசிக்கவா தோணும்? அடுப்பை அணைக்காம நகராதவரு அணைக்கல. தடி இல்லாம நடக்காதவரு தடியை எடுக்கல. ஆனா அவ்வளவு உயரத்து ஆணியில இருந்த சாவியை மட்டும் மறக்காம எடுத்திருக்காரு. இடுப்பு முறிஞ்ச பிறகு அதை எடுத்திருக்க முடியாது. மகன் விழுந்து கிடக்கான், கதவைத் திறக்கணும்னு ஓடியிருக்காரு. அவன் கதவுக்குப் பக்கத்துல போனப்போதான் விழுந்தாரு."

அக்கா நிமிர்ந்தாள். "அந்த 'அடி'?"

"அடின்னா அடிக்கறதுன்னு நீங்க எடுத்துக்கிட்டீங்க. முழுசாச் சொல்ல அவருக்கு வாய் வரல. 'அடி பட்டுச்சா'ன்னு கேட்கறாரு. மகனைப் பார்த்ததும் எகிறி எழுந்திருக்கறது அடிக்க இல்லம்மா. இன்னும் தூக்கத்தான் பாக்குறாரு."

கதவோரம் தம்பி நின்றுகொண்டிருந்தான். ஆட்டம் முடிந்து எப்போது இறங்கி வந்தான் என்று யாரும் கவனிக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தால் எல்லாம் கேட்டுவிட்டான் என்று தெரிந்தது. அப்படியே படியில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"அப்போ என்னாலதான்," என்றான்.

"வாங்கிக் குடுத்தது நான்," என்றாள் அக்கா. அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"யாராலன்னு என்னை யாரும் கேட்கல," என்றார் துப்பறிவாளர் எழுந்துகொண்டே. "கூப்பிட்டது கேட்டுச்சா இல்லையான்னு கேட்டீங்க. கூப்பிட்டவர் மகன். கேட்டவர் அப்பா. அந்த மனுஷன் நாலைந்து நாளா ஒரே கேள்வியைக் கேட்டுக்கிட்டிருக்காரு. முதல்ல அதுக்குப் போய் பதில் சொல்லுங்க."

மாலைப் பார்வையாளர் நேரத்தில் அக்காவும் தம்பியும் ஒன்றாக வார்டுக்குப் போனார்கள். காவலாளி தம்பியைப் பார்த்ததும் வழியை மறிக்கக் கையை நீட்டினான். அக்கா அந்தக் கையை விலக்கித் தம்பியை முன்னால் தள்ளினாள்.

அப்பா அவனைக் கண்டதும் முழங்கையை ஊன்றி எழும்பப் பார்த்தார். "அடி..." என்றார். மேற்கொண்டு வார்த்தை வராமல் உதடு திணறியது.

"படலப்பா," என்றான் தம்பி. "எனக்கு ஒன்னும் ஆகல. நான் விழல. அது விளையாட்டுப்பா. இங்க பாருங்க, நல்லா நிக்கறேன்."

அப்பா அவனைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தார். அவர் கண் அவனுடைய காலில் வெகுநேரம் நின்றது. பிறகு தலையணையில் மெல்லச் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டார். மகனின் விரலை மட்டும் விடவில்லை.

அக்கா வெளியே வந்து காவலாளியின் முன்னால் நின்றாள்.

"அது என் தம்பிங்க. எப்ப வந்தாலும் உள்ள விடுங்க."